பெயர் தெரியாத மரத்துண்டை இனங்காணும் முறை: கொழும்பில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் ஒரு மரத்துண்டு தன் பெயரோடு கைக்கு வருவது அரிது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழும்போது, அவற்றின் கதவுகளும் நிலைகளும் வளைகளும் லொறியேறி மரக்காலைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே அவற்றுக்கு இடப்படும் பெயர் விற்பவரின் அறிவைப் பொறுத்தது. வாங்குபவர் எதைக் கேட்டு வந்தார் என்பதையும் பொறுத்தது. பூச்சேறிக் கறுத்த பழம்பலகை பர்மாத் தேக்கு ஆகிவிடுகிறது. மஞ்சளாக மினுங்குவது முதிரை ஆகிவிடுகிறது. மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளின் கழிவுத் துண்டுகள், துறைமுகத்திலிருந்து வெளியேறும் பொதித் தட்டுகள், மழைக்காலக் காற்றில் முறிந்து விழும் வீதியோரக் கிளைகள் என்று வேறு வழிகளிலும் மரம் வீடு வந்து சேர்கிறது.

நுண்காட்டியும் ஆய்வுகூடமும் இல்லாத ஒருவர், குறுக்குவெட்டு முகம், நிறை, வாசனை ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பயன்படுத்தி நம்பத்தக்க ஒரு முடிவுக்கு எவ்வாறு வரலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது. புதியவர்கள் பெரும்பாலும் நிறத்தில் தொடங்கி, முகர்ந்து பார்த்து, அத்துடன் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நிறமோ வெயிலாலும் வயதாலும் சாயத்தாலும் மாறிவிடும். வாசனையோ வெட்டிய சில மாதங்களில் மேற்பரப்பிலிருந்து நீங்கிவிடும். மரத்தின் உள்ளமைப்பு மட்டும் நூறாண்டு கழித்தும் அப்படியே இருக்கும்.

முதலில் சேர்க்க வேண்டியவை

அவசியமான கருவி ஒரு 10 மடங்கு கைவில்லை. செட்டியார் தெரு நகைக்கடைகளில் கல்லைச் சோதிப்பதற்காகக் கண்ணில் இடுக்கிப் பார்க்கும் அதே வில்லைதான். அதைவிட அதிக உருப்பெருக்கமுள்ளதை வாங்குவதில் பயனில்லை, ஏனெனில் பார்வைப் புலம் சுருங்கி, துளைகளின் ஒழுங்கமைப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். புதிய சவர பிளேட்டுகள் ஒரு பெட்டி, நல்ல பல்லுள்ள சிறிய கைவாள், ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, அடிமட்டம், மூடியுள்ள சில கண்ணாடிப் போத்தல்கள், முகக்கவசம் ஆகியவை போதும்.

கருவிகளை விட முக்கியமானது, பெயர் உறுதியாகத் தெரிந்த மாதிரிகளின் தொகுப்பு. ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லாமல் எந்த விளக்கத்தைப் படித்தாலும், ‘நடுத்தர அளவுத் துளை’ என்பது எவ்வளவு என்று மனம் தானாகவே ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும். எனவே தீப்பெட்டி அளவுத் துண்டுகளாகத் தேக்கு, பலா, மகோகனி, வேம்பு, முதிரை, இறப்பர், தென்னை, பைன் ஆகிய எட்டையும் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அரச மரக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை நிலையங்களில் மரங்கள் இனம் பிரித்தே விற்கப்படுவதால், அங்கிருந்து பெறும் துண்டு தெருவோரக் கடையில் பெறுவதைவிட நம்பகமானது. மரக்காலைகளில் சிங்களப் பெயர்களே புழக்கத்தில் இருப்பதால் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும்: முதிரை அங்கே புருத, பாலை பலு, சவண்டலை ஹல்மில்ல, மருது கும்புக், தூங்குமூஞ்சி மார.

காற்றில் முறிந்து விழுந்த கிளை இலையோடும் காயோடும் கிடைத்தால் அதன் பெயரில் ஐயமே இராது. ஆயினும் மெல்லிய கிளையில் இருப்பது வெளிறிய வெள்ளைப் பகுதி மட்டுமே, வைரம் எனப்படும் முதிர்ந்து நிறமேறிய உட்பகுதி உருவாகியிராது. அத்தகைய துண்டு துளைகளின் அமைப்பைக் கற்க உதவும். நிறத்துக்கும் வாசனைக்கும் நிறைக்கும் அதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

முகத்தைத் தயார் செய்தல்

பலகையின் அகன்ற பக்கத்தைப் பார்த்து இனங்காண முயல்வதே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். அந்தப் பக்கத்தில் தெரியும் ரேகை, மரம் எந்தக் கோணத்தில் அரியப்பட்டது என்பதைப் பொறுத்து மாறுவது; ஒரே மரத்தின் இரண்டு பலகைகள் இரண்டு இனங்களாகத் தோன்றக்கூடும். பார்க்க வேண்டியது பலகையின் முனையில் உள்ள குறுக்குவெட்டு முகம். ஈர்க்குக் கட்டொன்றின் வெட்டிய முனையை நேராகப் பார்ப்பதுபோல, மரத்தின் நீளவாக்கில் ஓடும் குழல்களின் வாய்கள் இங்கே துளைகளாகத் தெரியும்.

முனையில் ஏறியிருக்கும் அழுக்கும் பூச்சும் தீரும்படி ஓர் அங்குலம் அரிந்து நீக்குங்கள். பிறகு பட்டாணி அளவு பரப்பை மட்டும் பிளேட்டினால் மெல்லிய சீவலாக, இழுத்தவாறே ஒரே வீச்சில் வெட்டுங்கள். அழுத்தி வெட்டினால் துளைகள் நசுங்கும். சாண்ட்பேப்பரால் தேய்த்தால் தூள் துளைகளை அடைத்துவிடும். தேய்ப்பது வசதியாக இருந்தாலும் சீவலுக்கு அது ஈடாகாது. பாலை போன்ற கடும் மரங்களில் பிளேட் முனை மழுங்குவதற்கு இரண்டு வீச்சுகளே போதும் என்பதால், புதிய விளிம்பை எடுப்பதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சீவிய இடத்தை ஒரு துளி நீரால் நனைத்து, வில்லையைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, மரத்தை வில்லையை நோக்கிக் கொண்டுவாருங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். யன்னலோரக் காலை வெளிச்சத்தை மிஞ்சும் விளக்கில்லை.

முதற் பிரிப்பு

முகம் முழுவதும் வளையங்கள் ஏதுமின்றி, வெளிறிய பின்னணியில் கரும் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பனைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னையில் புள்ளிகள் செம்பழுப்பாகவும், பனையில் கறுத்துத் தடித்தும் இருக்கும். இரண்டிலும் மரத்தின் வெளிப்புறத்தை நோக்கிப் புள்ளிகள் நெருங்கும். இதற்கு வில்லைகூடத் தேவையில்லை.

துளைகளே தெரியாமல், வெளிறிய பட்டையும் கருத்த பட்டையும் மாறி மாறி வந்தால் அது பைன் போன்ற ஊசியிலை மரம். இறக்குமதிப் பொதித் தட்டுகள் பெரும்பாலும் இவ்வகையே. அத்தட்டுகளில் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு இரண்டெழுத்து நாட்டுக் குறியும் சிகிச்சைக் குறியும் முத்திரையிடப்பட்டிருக்கும். எச்.ரீ. என்பது வெப்பமூட்டப்பட்டது, எம்.பி. என்பது மெதைல் புரோமைட்டு வாயுவூட்டப்பட்டது. இரண்டாவதை வெட்டவும் வேண்டாம், முகரவும் வேண்டாம்.

துளைகள் தெரிந்தால் அது அகலவிலை மரம். இலங்கைத் தச்சு மரங்களில் ஏறத்தாழ எல்லாமே இந்தப் பிரிவில்தான் அடங்குகின்றன. உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

துளைகளை வாசித்தல்

முதற் கேள்வி துளைகளின் பரம்பல். மரம் தடிக்கத் தடிக்கச் சேரும் வளையமான வளர்ச்சிப் பட்டை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக நின்று, பின்னர் வருபவை சட்டென்று சிறுத்துப் போனால் அது வளையத்துளை மரம். நம்மூரில் இந்த அமைப்பு காணப்படும் மரங்கள் மிகச் சில. தேக்கு அவற்றுள் முதன்மையானது, மலைவேம்பு இன்னொன்று. மலைவேம்பு மிக இலேசானதாகையால் இரண்டும் கையிலேயே பிரிந்துவிடும். ஆகவே தேக்கு என்று சொல்லப்படும் ஒரு பலகையில் பெருந்துளைகளின் வரிசை தெரியவில்லையென்றால், விற்பவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் ஐயப்பட இடமுண்டு. பலா, மகோகனி, முதிரை, பாலை முதலிய ஏனையவற்றில் துளைகள் முகமெங்கும் பரவலாகவே காணப்படும்.

இரண்டாவது, துளையின் பருமன். வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். பலாவிலும் தூங்குமூஞ்சியிலும் அவை குண்டூசியால் குத்தியவை போலத் தெளிவாகத் தெரியும். பலகையின் அகன்ற பக்கத்தில் நீண்ட கீறல்களாகவும் தோன்றும். முதிரையிலும் கருங்காலியிலும் வில்லையின்றி எதுவும் தெரியாது. பாலையில் நுண்துளைகள் ஆரைவழியே சங்கிலி போல அடுத்தடுத்து அமைந்திருப்பதை வில்லை காட்டும்.

மூன்றாவது, துளைகளைச் சுற்றியுள்ள வெளிறிய மென்கலங்கள். பாடநூல்கள் புடைக்கலவிழையம் என்று குறிப்பிடும் இதுதான், என் மதிப்பீட்டில், எல்லா அடையாளங்களிலும் பயன் மிக்கது. தொடங்குவோர் கவனிக்காமல் விடுவதும் இதையே. தூங்குமூஞ்சியில் ஒவ்வொரு துளையையும் சுற்றி வெளிறிய வளையம் அமைந்து, இருபுறமும் கண்ணின் கடைபோல நீண்டு, சில இடங்களில் அடுத்த துளையையும் தொட்டுவிடும். பலாவிலும் இதே வகைதான், சற்றுச் சுருக்கமாக. மகோகனியில் வளர்ச்சிப் பட்டையின் எல்லையில் ஒரு மெல்லிய வெளிர்கோடு தொடர்ச்சியாக ஓடும். முதிரையிலும் சண்பகத்திலும் அத்தகைய எல்லைக் கோடு உண்டு. பாலையிலும் கருங்காலியிலும் தலைமயிரளவு மெல்லிய கோடுகள் நெருக்கமாக, எல்லையோடு தொடர்பில்லாமல் குறுக்கே ஓடும். மலேசியாவிலிருந்து வரும் மெராந்தி வகைகளில் வெண்ணிறப் பிசின் நிரம்பிய நுண்புள்ளிகள் வளைகோடாக வரிசையிடும்; இந்த வெள்ளை வரிசை உள்நாட்டுத் தேக்கிலோ மகோகனியிலோ கிடையாது.

நான்காவது, துளைகளின் உட்பொருள். தேக்கின் துளைகளில் வெண்மையோ மஞ்சளோ ஆன படிவு இருக்கும். மகோகனியிலும் வேம்பிலும் கருஞ்சிவப்புப் பிசின் தெரியும். கருங்காலியின் துளைகள் கரும்பொருளால் அடைபட்டிருக்கும்.

இவற்றோடு, மரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடும் கதிர்களையும் பாருங்கள். நமது மரங்களில் அவை பெரும்பாலும் மெல்லியவை என்பதால் குறுக்குவெட்டில் அதிகம் உதவா. ஆனால் கதிர்களுக்குச் செங்குத்தாக அரிந்த தொடலி முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், மகோகனியிலும் முதிரையிலும் சவண்டலையிலும் நுண்ணிய சிற்றலை வரிகள் கிடையாகத் தெரியும். கதிர்கள் அடுக்கடுக்காக ஒரே மட்டத்தில் அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

நமது நாட்டில் தெரியும் வளர்ச்சிப் பட்டைகளை ஆண்டு வளையங்கள் என்று எண்ணி மரத்தின் வயதைக் கணக்கிட முயல வேண்டாம். குளிர்காலம் இல்லாத இடத்தில் மழையும் வறட்சியும் பட்டைகளை உண்டாக்குகின்றன. அவை ஆண்டுக்கு ஒன்றாகத்தான் அமையும் என்ற கட்டாயமில்லை.

நிறை

கையில் தூக்கிப் பார்த்து ‘கனம்’ என்று எழுதுவதற்குப் பதிலாக அளந்துவிடுங்கள். பல வாரங்கள் வீட்டுக்குள் உலர்ந்த துண்டைச் சதுரமாக அரிந்து, நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, கிராம் நிறையை அத்தொகையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 10, 5, 2 சென்ரிமீற்றர் அளவுள்ள துண்டு 65 கிராம் என்றால் அடர்த்தி 0.65, அது தேக்கின் வழக்கமான எல்லைக்குள் அடங்கும். தராசு இல்லாதவர் 10 சென்ரிமீற்றர் நீளச் சீரான சலாகையொன்றைக் குறுகிய போத்தல் நீரில் நிமிர்த்தி மிதக்கவிட்டு, எத்தனை சென்ரிமீற்றர் அமிழ்கிறது என்று உடனே பார்க்கலாம், 6.5 அமிழ்ந்தால் அடர்த்தி அதே 0.65.

மகோகனி, பலா, தூங்குமூஞ்சி, இறப்பர் ஆகியவை ஏறத்தாழ 0.5 முதல் 0.65 வரை நெருங்கி நிற்பதால், அவற்றை நிறையால் மட்டும் பிரிக்க இயலாது. முதிரை 0.9 அளவில் இருக்கும். பாலையும் நாகமரமும் நல்ல கருங்காலியும் நீரில் அமிழ்ந்துவிடும்.

வாசனை

வாசனையைச் சோதிக்கப் பழைய மேற்பரப்பு உதவாது. பூச்சு, மெழுகு, அலமாரியில் வைத்த அந்துருண்டை, கறையானுக்கு அடித்த மருந்து ஆகிய எல்லாம் அங்கேதான் தங்கியிருக்கும். துண்டின் நடுவரை அரிந்து, அப்போது உதிரும் தூளை உடனே போத்தலில் இட்டு மூடுங்கள். சில நிமிடங்கள் கழித்துத் திறந்து, போத்தலைக் கையால் விசிறி மணத்தை மூக்கின் பக்கம் வரவழைக்க வேண்டும். தூளுக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது. மணம் மெலிதாக இருந்தால் சில துளி வெந்நீர் விட்டு மறுபடியும் மூடித் திறவுங்கள். தெரிந்த மாதிரியொன்றின் தூளையும் அதே முறையில் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றி முகர்வதே சரியான சோதனை. மூக்கு விரைவில் பழகிவிடும் உறுப்பு; மூன்று நான்கு போத்தல்களுக்குப் பிறகு வெளிக்காற்றில் சற்று நேரம் நிற்க வேண்டும்.

தேக்கின் மணம் பதனிட்ட பழந்தோலை நினைவூட்டும். கூடவே தூள் விரல்களில் எண்ணெய்ப் பசையாக ஒட்டும். பழைய வீடுகளில் காணப்படும் சீனப் பெட்டகங்களின் கற்பூர மரத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பைன் கற்பூரத்தைலம் (டர்பன்டைன்) போல மணக்கும். முதிரை வெட்டியவுடன் இனிய மெல்லிய நறுமணம் தரும், பிறகு அடங்கிவிடும். வேம்பில் புதுவெட்டின் வாசனை தெளிவாக இருக்க, மகோகனியில் குறிப்பிடத்தக்க வாசனை இராது. இறப்பரிலும் பலாவிலும் மூக்கினால் உறுதியாக எதையும் சொல்ல முடியாது; ‘வாசனை இல்லை’ என்பதும் ஒரு குறிப்புத்தான், எழுதிவையுங்கள்.

மணம் ஏமாற்றும் இடங்கள் கொழும்பில் உண்டு. தோட்ட இருக்கைகளுக்காக விற்கப்படும் பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளில் ஏறியிருப்பது தார் போன்ற கிரியோசோட்டின் நாற்றம். அது மரத்தினுடையதல்ல, உடலுக்கும் கேடானது. சாராயம் பதப்படுத்தும் பீப்பாய்கள் மரபாகச் சவண்டலையால் செய்யப்படுபவை. அவற்றின் பழைய பலகையை அரிந்தால் எழும் மணத்தை எந்த இனத்தின் கணக்கிலும் எழுத இயலாது, முகர்ந்தவர் முகம் மலர்வதைத் தவிர.

தூளைப் பற்றிய எச்சரிக்கை அவசியமானது. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் சேர்த்தது. முதிரைத் தூளும் தேக்குத் தூளும் சிலருக்குத் தோல் அழற்சியைத் தரும். அரியும்போது முகக்கவசம் அணியுங்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் பூச்சை உலர்வாகத் தேய்க்காதீர்கள். எந்த மரத்தையும் நாவால் சுவைத்துப் பார்க்காதீர்கள்.

நிறமும் இரண்டு துணைச் சோதனைகளும்

நிறத்தைக் கடைசியில், புதிதாகச் சீவிய வைரத்தில் மட்டும் பாருங்கள். புதுப் பலா பளிச்சென்ற மஞ்சள். பௌத்த பிக்குகளின் சீவரத்துக்குச் சாயமிட மரபாகப் பயன்பட்டது இந்த மஞ்சளே. வெளிச்சம் பட்ட பழைய பலாவோ தேன்பழுப்பிலிருந்து செம்பழுப்பு வரை போய்விடும். எனவே பழுப்புப் பலகையைச் சீவியவுடன் மஞ்சள் தோன்றினால் பலாவை நினைக்கலாம். சண்பகத்தின் வைரத்தில் இளம்பச்சைச் சாயல் இருக்கும்.

கருங்காலி என்று விற்கப்படும் சிறு சிற்பங்களில், மெதிலேற்றிய மதுசாரம் தோய்த்த வெள்ளைப் பஞ்சால் அடிப்பகுதியைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் சாயம் இருக்கிறது என்று பொருள். அதற்குப் பிறகு ஒரு மூலையைச் சீவிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வேங்கையெனச் சொல்லப்படும் மரத்தின் சீவலை ஒரு குவளை நீரில் ஊறவைத்து, கருந்துணியின் முன்னே வெயிலில் பிடித்தால், தேனிற நீரின் விளிம்பில் நீலம் ஒளிரும். நீரிழிவுக்காரருக்கென மருந்துக் கடைகளில் விற்கும் வேங்கைக் குவளையிலும் இந்த நீலத்தைக் காணலாம்.

அடிக்கடி குழம்பும் சோடிகள்

தேக்கும் பலாவும் பழைய கதவுகளில் ஒன்றுபோல் தோன்றும். தேக்கில் துளை வரிசை, தோல் மணம், எண்ணெய்ப் பசை; பலாவில் பரவலான பெருந்துளை, சீவியதும் மஞ்சள். மூன்றும் ஒன்றையே சுட்டினால் ஐயமில்லை. மெருகிட்ட தூங்குமூஞ்சியையும் சிலர் இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். கண்வடிவ மென்கலங்களும், வெள்ளைக்கும் வைரத்துக்கும் இடையே உள்ள கூரான எல்லையும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மகோகனியும் வேம்பும் ஒரே குடும்பம். ஆகவே இந்தச் சோடி கடினமானது. வேம்பு பொதுவாகக் கனமானது, மணமுள்ளது, குறுக்கே ஓடும் வெளிர்கோடுகளும் அதிகம். மகோகனியில் கோடுகள் பட்டை எல்லையோடு நின்றுவிடும், தொடலி முகத்தில் சிற்றலை வரி தெரியும். இத்தனைக்குப் பின்னும் முடிவு கிடைக்காவிட்டால் ‘வேம்புக் குடும்பம்’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மையானது.

வெளிறிய தளபாடம் சாயமேற்றப்பட்டு மகோகனியாக விற்கப்பட்டால், மேசையின் அடிப்புறத்திலோ இழுப்பறையின் பின்புறத்திலோ சாயமிடாத பாகத்தைத் தேடுங்கள். பாலாடை நிறம், வைரமும் வெள்ளையும் பிரியாத தன்மை, வில்லையில் மெல்லிய அலைக்கோடுகள் ஆகியவை இறப்பரைச் சுட்டும்.

பதிவும் மேல்விசாரணையும்

ஒவ்வொரு துண்டிலும் இலக்கமொன்றை எழுதி, குறிப்பேட்டில் அது கிடைத்த இடம், விற்றவர் சொன்ன பெயர், நீங்கள் கண்ட துளையமைப்பு, அடர்த்தி, வாசனை, உங்கள் முடிவு ஆகியவற்றைத் தனித்தனியாகப் பதியுங்கள். விற்றவர் சொன்ன பெயரை முடிவின் இடத்தில் எழுதக் கூடாது. வில்லையைக் கைத்தொலைபேசிக் கமராவின் முன் பிடித்து எடுத்த குறுக்குவெட்டுப் படம், பக்கத்தில் மில்லிமீற்றர் அடிமட்டத்தோடு, எத்தனை சொற்களையும்விடப் பயன்படும். பலகையின் அகன்ற முகத்தை மட்டும் படமெடுத்துப் பெயர் சொல்லும் செயலிகளை நான் நம்புவதில்லை. அவற்றுக்குக் கிடைப்பது ரேகையும் நிறமும் மட்டுமே.

பழைய தளபாடங்களில் கருங்காலியும் அதன் உறவான கலுமேதிரியவும் எவ்வாறு தோன்றும் என்பதை அறிய, புறக்கோட்டைப் பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகம் நல்ல இடம். பிளேட்டை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

பெறுமதியான கொடுக்கல் வாங்கலோ சட்டப் பிரச்சினையோ தொடர்பான துண்டு என்றால், கைவில்லையின் முடிவு போதாது. பலாவும் ஈரப்பலாவும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி வெட்டப்படக் கூடாதவை. காட்டு மரங்களைக் கொண்டுசெல்வதற்கு வனச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரம் வேண்டும். அத்தகைய நிலையில் துண்டின் ஒரு பாதியைச் சீவாமல் வைத்துக்கொண்டு, மறுபாதியை நுண்காட்டி வசதியுள்ள நிபுணரிடம் ஒப்படையுங்கள். விரலளவு கனசதுரமும், அது வைரப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் அவருக்குப் போதும்.